அம்மா காசிக்கு போட்டுட்டு போன சூடு சட்டை: பவர்பேங்க்ல ஓடுற மாதிரி நாமளே செய்யுறது எப்படி

ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு குளிருக்கு சூடு சட்டை செய்யுறேன்னு சொன்னா யாரா இருந்தாலும் சிரிப்பாக, சிரிச்சாக. எங்க பக்கம் மார்கழி ராத்திரில கூட 20 டிகிரிக்கு கீழ எறங்குறதே அபூர்வம், ஸ்வெட்டர்ங்கிறது பச்சப் புள்ளைக்கு மாட்டிவிடுற சாமான், அம்புட்டுதான். ஆனா எங்கம்மாவுக்கு ரொம்ப வருசமா ஒரு வேண்டுதல், ராமேஸ்வரத்து மண்ணை எடுத்துட்டுப் போயி பிரயாகைல கரைச்சுட்டு, அங்கருந்து கங்கைத் தண்ணி கொண்டாந்து ராமநாதசாமிக்கு அபிஷேகம் பண்ணணும்னு. தெருவுல ஒரு குரூப்பா டிக்கெட் போட்டாக, போட்டது தை மாசப் பயணத்துக்கு. காசில ஜனவரி ராத்திரி சில நாள் 5, 6 டிகிரி வரைக்கும் எறங்கும், கூடவே பக்கத்துல நிக்கிற ஆளு தெரியாத பனிமூட்டம். எங்கம்மா ரயில் ஏசி பெட்டிலயே ரெண்டு போர்வை கேக்குற ஆளு, அதுவும் போக சுகர் வேற.

என் தொழில் போட் வயரிங். லைட்டு, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வாக்கி எல்லாம் மாட்டிக் குடுப்பேன், ஏப்ரல் 15லருந்து 61 நாள் மீன்பிடி தடைக்காலத்துல வேலை குமியும், மார்கழில கொஞ்சம் கை ஓயும். அந்த ஓய்வுல செஞ்சதுதான் இது. ஒரு தடவை சொதப்பி, ரெண்டாவது தடவை சரியா வந்துச்சு, ரெண்டையும் சொல்றேன், ஏன்னா சொதப்புனதுலதான் நான் கத்துக்கிட்டது பூராம் இருக்கு.

முதல்ல ஒரு கணக்கு. இது மண்டைல ஏறாம வயரை வாங்காதீக. சும்மா உக்காந்திருக்கிற மனுச ஒடம்பே சுமார் 100 வாட்ஸ் சூடு விட்டுக்கிட்டு இருக்கு, பழைய குண்டு பல்பு ஒண்ணு எரியுற மாதிரி. நம்ம பவர்பேங்க்ல இருந்து எடுக்கப் போறது 9 வாட்ஸ், 10 வாட்ஸ்தான். அப்ப இந்த 10 வாட்ஸ் குளிரை வெரட்டப் போறதில்ல, அந்த 100 வாட்ஸ் வெளிய ஓடாம மறிச்சு வைக்கிற துணிதான் வெரட்டும், ஹீட்டர் பக்கவாத்தியம். இதை புரிஞ்சுக்காம ஒரு மெல்லிசு சட்டைல 50 வாட்ஸ் ஓட்டலாம்னு நெனச்சா ஒண்ணு பேட்டரி ஒரு மணி நேரத்துல படுத்துரும், இல்ல முதுகு வெந்துரும்.

அதனால சட்டையோட அடுக்கு இப்படி இருக்கணும். ஒடம்பு பக்கம் மெல்லிசா பருத்தி, பழைய வேட்டி துணி ரொம்ப நல்லது. அதுக்கு மேல வயரு. வயருக்கு மேல கனமா கம்பளியோ ஃப்ளீஸோ. அதுக்கும் மேல காத்து புகாத துணி ஒண்ணு, ரெயின்கோட்டு துணி மாதிரி. நான் முதல் தடவை ஸ்வெட்டருக்கு வெளிப்பக்கம் வயரை ஓட்டிட்டேன், தைக்க வசதியா இருந்துச்சேன்னு. தொட்டுப் பாத்தா வெளிய நல்லா சுடுது, போட்டுப் பாத்தா உள்ள ஒண்ணுமே தெரியல, ஊருக்கே சூடு வச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

கை இல்லாத சட்டை போதும். கைக்கெல்லாம் வயர் ஓட்டாதீக, முழங்கை மடங்குற எடத்துல எந்த வயரும் நிக்காது. நடு ஒடம்பு கதகதன்னு இருந்தா ரத்தம் தானா வெரல் வரைக்கும் சூட்டை கொண்டுபோயிரும், ஒடம்பு நடுவுல குளிர்ந்தாதான் கை காலுக்கு போற ரத்தத்தை சுருக்கும். அதனால ரெண்டு தோள்பட்டை எலும்புக்கு நடுவுல, அப்பறம் இடுப்புக்கு கொஞ்சம் மேல முதுகுல, முன்னாடி நெஞ்சுக்கு கீழ ரெண்டு பக்கமும், இம்புட்டுதான் எடம்.

இப்ப வயரு. நான் முதல்ல போனது மோட்டார் வைண்டிங் கடைக்கு. 36 கேஜ் எனாமல் செப்புக்கம்பி ஒரு மீட்டருக்கு 0.6 ஓம் (கரண்டை மறிக்கிற அளவு) கிட்ட வரும், 5 மீட்டர் எடுத்தா 3 ஓம், பவர்பேங்க்கோட 5 வோல்ட்டை குடுத்தா 8 வாட்ஸ் சொச்சம். கணக்கு கச்சிதமா இருந்துச்சு, செலவும் டீ காசுதான். ரெண்டு நாள் நானே போட்டுட்டு திரிஞ்சேன், அக்குள் பக்கம் மடங்குற எடத்துல பட்டுன்னு அத்துப் போச்சு. செப்பு திருப்பித் திருப்பி மடங்குனா இறுகி ஒடிஞ்சுரும், மயிரு மாதிரி இருக்கிற ஒத்தைக் கம்பி எத்தனை நாளைக்குத் தாங்கும். கம்பி அத்ததை விட மோசம் எனாமல் உரிஞ்சு ரெண்டு சுத்து ஒட்டிக்கிறது, அப்ப பாதி நீளம் கரண்டு பாதைல இருந்து கழண்டுரும், மிச்ச பாதி ரெண்டு மடங்கு கரண்டு இழுக்கும். அதை தூக்கிப் போட்டுட்டேன்.

வாங்க வேண்டியது சிலிகான் உறை போட்ட கார்பன் ஃபைபர் ஹீட்டிங் வயர். ஆன்லைன்ல கெடைக்கும், 12கே ன்னு (உள்ள 12000 இழைன்னு அர்த்தம்) போட்டு மீட்டருக்கு 33 ஓம்னு எழுதியிருக்கும். உள்ள கருப்பா நூல் கத்தை மாதிரி இருக்கும், ஒத்தைச் செப்புக்கம்பி மாதிரி சீக்கிரம் ஒடியாது. இதை ஒரே நீளமா ஓட்டுனா 5 வோல்ட்டுக்கு சூடே வராது, 1 மீட்டருக்கு முக்கால் வாட்ஸ்தான். அதனால அரை அரை மீட்டரா 6 துண்டு வெட்டிக்கணும். ஒரு துண்டு 16.5 ஓம், அதுல 0.3 ஆம்ப்ஸ் ஓடும், 1.5 வாட்ஸ். ஆறையும் பேரலலா, அதாவது எல்லாத்தோட ஒரு முனையும் பிளஸ்ல, மறு முனையும் மைனஸ்ல குடுத்தா 2.75 ஓம், 1.8 ஆம்ப்ஸ், மொத்தம் 9 வாட்ஸ். பவர்பேங்க்ல 2 ஆம்ப்ஸ், 2.4 ஆம்ப்ஸ்னு போட்ட போர்ட்டுக்கு இது சரியா உக்காரும், 1 ஆம்ப்ஸ் போர்ட்ல மாட்டுனா கட் ஆயிரும். பேரலல்ல இன்னொரு லாபம், ஒரு துண்டு போனாலும் மத்த அஞ்சும் ஓடிக்கிட்டே இருக்கும், காசில போயி நின்னுக்கிட்டு அம்மா யாரைத் தேடும்.

இந்த வயர்ல எல்லாரும் மாட்டிக்கிற எடம் ஒண்ணு இருக்கு, கார்பன்ல ஈயம் ஒட்டாது. ஈயம் ஒட்டுறதுக்கு தடவுற ஃப்ளக்ஸை எத்தனை வச்சாலும் முத்து முத்தா உருண்டு கீழ விழும். நானும் அரை மணி நேரம் சால்டரிங் அயனை வச்சு மல்லுக்கட்டிட்டுதான் விட்டேன். கிரிம்ப்தான், அதாவது சின்ன உலோகக் குழாய்க்குள்ள வச்சு நசுக்கித்தான் பண்ணணும். எப்படின்னா, சிலிகானை ஒரு சென்டிமீட்டருக்கு பிளேடால சுத்தி லேசா கீறி நகத்தால உருவிருங்க, அழுத்திக் கீறுனா உள்ள நூலு பாதி அறுந்துரும். வெளிய வர்ற கருப்பு நூலை முறுக்கி அப்படியே பின்னாடி மடக்குங்க, அப்ப ரெட்டைக் கனமாகும். அதுகூட உங்க செப்பு வயரோட முனையையும் சேத்து வச்சு, பேனல் போர்டு வேலைக்கு வாங்குற சின்ன குழாய் லக்குக்குள்ள ரெண்டையும் நுழைச்சு கிரிம்பிங் பிளையர்ல ரெண்டு எடத்துல அமுக்குங்க. இழுத்துப் பாத்தா வரக்கூடாது. மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அதான் சூடு காட்டுனா சுருங்குற குழாய், போட்டு சுருக்கிருங்க. வெட்டும்போது கருப்பா பொடி பறக்கும், அது கைல ஏறுனா அரிக்கும், மூஞ்சிய தள்ளி வச்சுக்கிட்டு வேலை பாருங்க, வேலை முடிஞ்சதும் மேஜையை ஈரத்துணியால தொடச்சுருங்க.

ஒவ்வொரு துண்டும் முடிஞ்ச உடனே மல்டிமீட்டர் வச்சு ஓம் பாருங்க. 16, 17 ஓம் காட்டணும். 20, 22ன்னு ஏறுனா கிரிம்ப் சரியில்லைன்னு அர்த்தம், அந்த ஜாயிண்ட்ல தனியா சூடு உண்டாகும், வெட்டிப் போட்டுட்டு மறுபடி செய்ங்க, சோம்பல் படாதீக. எனக்கு 12 ஜாயிண்ட்ல 3 அப்படி ஆச்சு.

தைக்கிறது. ஹீட்டர் அடுக்கை சட்டையோட சேத்து தைக்காம தனி உள்சட்டையா வச்சு வெல்க்ரோ போட்டு கழட்டுற மாதிரி செஞ்சா தொவைக்க வசதி. ஒவ்வொரு துண்டையும் யூ மாதிரி வளைச்சு வைங்க, ரெண்டு முனையும் ஒரே ஓரத்துக்கு வந்துரும், அந்த ஓரத்துல செகப்பு கருப்புன்னு ரெண்டு மெயின் வயர் ஓட்டுங்க. அரை ஸ்கொயர் எம்எம் ஃப்ளெக்ஸிபிள் வயர் போதும். வயருக்கும் வயருக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை எடம் விடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது, ஏறுன எடத்துல சூடு கூடும். ஊசி வயரை குத்தக்கூடாது, வயருக்கு மேல குறுக்க நூலைப் போட்டு துணியோட கட்டுற மாதிரி கைத்தையல்தான். எங்க தெரு தையக்கார அக்கா இதைப் பாத்துட்டு ஏன்டா தம்பி மிசின்லயே ஓட்டிருறேன்னாக, நான்தான் விடல. வெளி ஓரம், வெல்க்ரோ, பாக்கெட் எல்லாம் அவுக மிசின்ல அடிச்சுக் குடுத்தது.

நான் 4 துண்டை முதுகுக்கும் 2 துண்டை முன்னாடிக்கும் வச்சேன், ரெண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். முதுகு மட்டும் போட்டா 6 வாட்ஸ், ரெண்டும் போட்டா 9 வாட்ஸ். இதுக்கு மேல டிம்மரு, மொபைல் ஆப்புன்னு போகலாம், ஆனா போட்டுக்கப் போறது 60 வயசு அம்மா, இருட்டுல தடவிப் பாத்து தெரியுற மாதிரி பெரிய சுவிட்ச் ரெண்டு இருந்தா போதும். பவர்பேங்க்கு வர்ற கேபிள் மட்டும் தடிமனா, நீளம் கம்மியா பாத்து வைங்க. தலைமுடி மாதிரி வயர் இருக்கிற மலிவு கேபிள்ல 1.8 ஆம்ப்ஸ் ஓட்டுனா வழியிலயே முக்கால் வோல்ட் தின்னுரும், சட்டை சுடுறதுக்கு பதிலா கேபிள் சுடும். பெரிய நீள்சதுர யூஎஸ்பி பின்னே (டைப் ஏ) வைங்க, டைப் சி டு டைப் சி கேபிளை வெட்டி சும்மா ரெண்டு வயரை எடுத்தா கரண்டே வராது, அந்தப்பக்கம் ரெசிஸ்டர் இருந்தாதான் பவர்பேங்க் வாயைத் தொறக்கும்.

பாதுகாப்பு விசயத்துல நான் ரொம்ப கறார், இதுல யாரும் சுருக்குவழி கேக்காதீக. தோலு 44 டிகிரி சூட்டை கொஞ்ச நேரம் தாங்கும், சுகமா கூட இருக்கும், அதே சூடு ஒரே எடத்துல மணிக்கணக்கா இருந்தா வெந்து கொப்புளம் போட்டுரும். நமக்கு சுருக்குன்னா நகர்ந்துருவோம். சுகர் ரொம்ப நாளா இருக்கிறவுகளுக்கு நரம்பு மரத்துப் போயிருக்கலாம், கால்ல முள்ளு குத்துனதே தெரியாது, முதுகு சுடுறது எங்க தெரியும். அதனால பாசிட்டிவ் வயர்ல 45 டிகிரி தெர்மல் சுவிட்ச் ஒண்ணு கட்டாயம் போடணும். சூடு ஏறுனா தானா கட் ஆகிற வகை வாங்குங்க, நார்மலி குளோஸ்டுன்னு கேளுங்க, மாத்தி வாங்கிட்டா சூடு ஏறுனாதான் ஆன் ஆகும், கதை கந்தலாயிரும். அதுலயும் நாலஞ்சு டிகிரி முன்னப்பின்ன இருக்கும்ங்கிறதால அதை மட்டும் நம்பக் கூடாது. அது முதுகு நடுவுல, அதிகமா சூடாகுற எடத்துல, வயரை ஒட்டி இருக்கணும். கூடவே 3 ஆம்ப்ஸ் கண்ணாடி ஃப்யூஸ் ஒண்ணு, போட்டுல போடுற அதே ஃப்யூஸ்தான். தெர்மல் சுவிட்ச் கட் ஆனா கரண்டு ஓட்டம் நின்னு பவர்பேங்க்கும் தூங்கிரும், சூடு ஆறுனாலும் பட்டனை அமுக்குனாதான் முழிக்கும். முதல்ல இது எரிச்சலா இருந்துச்சு, அப்பறம் யோசிச்சா நல்லதுதான், கட் ஆனது போட்டிருக்கிறவுகளுக்கே தெரிஞ்சுரும். இதைப் போட்டுக்கிட்டு தூங்கக் கூடாது, தனியா சட்டையைக் கழட்ட முடியாத கொழந்தைக்கு போடக் கூடாது.

பேட்டரிக்கு பவர்பேங்க் மட்டும்தான். பழைய லேப்டாப்புல உரிச்ச செல்லை கோத்து 12 வோல்ட் ஆக்குறேன்னு ஒருத்தன் என்கிட்ட வந்தான், அவன் எம்புட்டு நல்லா சால்டர் பண்ணாலும் அதுல தடுப்பு சர்க்யூட் கிடையாது, ஷார்ட் ஆனா நெஞ்சு மேல தீ. நல்ல பவர்பேங்க்ல ஷார்ட், ஓவர்லோடு எல்லாத்துக்கும் உள்ளயே கட்டுப்பாடு இருக்கு. வாங்கும்போது 10000ன்னு பெருசா போட்டதைப் பாக்காதீக, அது உள்ள இருக்கிற செல்லோட 3.7 வோல்ட் கணக்கு. கீழ பொடி எழுத்துல 5 வோல்ட்டுக்கு ரேட்டட் கெபாசிட்டின்னு ஒண்ணு இருக்கும், என்கிட்ட இருந்ததுல 6000னு இருந்துச்சு. 6 ஆம்ப் அவர் பெருக்கல் 5 வோல்ட், 30 வாட் அவர். 9 வாட்ஸ்ல ஓட்டுனா மூணேகால் மணி நேரம், முதுகு மட்டும் 6 வாட்ஸ்ல 5 மணி நேரம். விட்டு விட்டு போட்டா விடியக்காலைல படித்துறைக்கு போயிட்டு வர தாராளம். பவர்பேங்க் பாக்கெட் சட்டையோட உள்பக்கம் இடுப்புகிட்ட இருக்கட்டும், லித்தியம் பேட்டரி குளிர்ல சீக்கிரம் சோர்ந்துரும். லடாக் பக்கம் பட்டாளத்துல இருக்கிற மச்சானுக்கு செஞ்சு அனுப்புறவுக கவனிங்க, சைபருக்கு கீழ இருக்கிறப்ப சார்ஜ் போட்டா பேட்டரி உள்ள கெட்டுப் போகும், ரூமுக்குள்ள கொண்டாந்து சூடு ஏறுன பெறகு போடச் சொல்லுங்க. பிளைட்ல போனா பவர்பேங்க்கை கழட்டி கைப்பைல, செக்இன் பெட்டில போடக் கூடாது.

போட்டுக்கிறதுக்கு முன்னாடி சோதனை. முதல்ல மேஜைல விரிச்சு அஞ்சு நிமிசம் ஓட்டி ஒவ்வொரு ஜாயிண்டையும் தொட்டுப் பாருங்க, வயரை விட ஜாயிண்ட் சுட்டா அது கெட்ட ஜாயிண்ட். அடுத்தது முக்கியம், சட்டையை நாலா மடிச்சு போர்வைக்குள்ள சுருட்டி உள்ள ஒரு தெர்மாமீட்டரை வச்சு பக்கத்துலயே உக்காந்திருங்க. மல்டிமீட்டரோட வர்ற தெர்மோகப்பிள், அதான் சூடு அளக்குற வயரு, நல்லது, காய்ச்சல் தெர்மாமீட்டர் 42 தாண்டி காட்டாது. சூடு போக எடமில்லாம ஏறிக்கிட்டே வரணும், தெர்மல் சுவிட்ச் கட் பண்ணணும். பண்ணலைன்னா சட்டை ரெடி ஆகல. என்னோடது 20 நிமிசத்துல கட் ஆச்சு. அப்பறம் ராத்திரி மீன் கம்பெனி ஐஸ் ரூம்ல தெரிஞ்ச அண்ணன்கிட்ட சொல்லிட்டு அரை மணி நேரம் போட்டுக்கிட்டு நின்னேன், இங்க குளிருக்கு வேற எங்க போறது. முதுகு கதகதன்னு இருந்துச்சு, காதுதான் விறைச்சுப் போச்சு, அம்மாவுக்கு குரங்கு குல்லா வாங்கணும்னு அங்கதான் தோணுச்சு.

அம்மா ஜாக்கெட்டுக்கு மேல இதை மாட்டி, அதுக்கு மேல முந்தானையை போட்டு, அதுக்கும் மேல சால்வைய போத்திக்கிச்சு. வெறும் தோல்ல படாம நடுவுல ஒரு துணி இருக்கணும்ங்கிறது அதுலயே சரியாப் போச்சு. கூட போன சித்திகிட்ட ஒரு மணிக்கொரு தரம் முதுகுல கைவிட்டு பாக்கச் சொல்லியிருந்தேன், செவந்திருந்தா உடனே ஆஃப். தண்ணில எறங்கும்போது கழட்டி சித்தி கைல குடுத்துரணும், முங்கி எந்திரிச்சு தொடச்சு துணி மாத்துன பெறகு போட்டுக்கணும், அப்பதான் சுவிட்ச் ரெண்டும் ஆன். பிரயாகைல முங்குனப்ப பல்லு கிட்டிருச்சாம், சட்டைய மாட்டி பத்து நிமிசத்துல பேச்சு வந்துருச்சாம். போன்ல அது சொன்னதை விட பின்னாடி நாலு பொம்பளைக இது எங்க வாங்குனதுன்னு கேட்டுக்கிட்டு நின்ன சத்தம்தான் எனக்கு நல்லா கேட்டுச்சு.

இது தெரிஞ்சதும் பெரியப்பா வந்து நின்னாக. அவுக நாட்டுப்படகுல ராத்திரித் தொழிலுக்கு போறவுக, மார்கழி தைல வாடைக்காத்து அடிக்கும்போது நனைஞ்ச சட்டையோட உக்காந்திருந்தா 22 டிகிரியே கொலை நடுக்கம் நடுக்கும், இதை கரைல இருக்கிறவன் நம்பமாட்டான். எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுடா, போட்டு பேட்டரிலயே மாட்டிக்கிறேன்னாக. அது 12 வோல்ட். 9 வாட்ஸ் சட்டைய 12 வோல்ட்ல மாட்டுனா 18 வாட்ஸ் வரும்னு நெனைப்போம், வராது, வோல்ட் ரெண்டு மடங்கு சொச்சம் ஆனா வாட்ஸ் அஞ்சே முக்கால் மடங்காகும், 52 வாட்ஸ் கிட்ட. ஆளு வெந்துருவாரு. சரி பவர்பேங்க்லயே ஓட்டலாம்னா உப்புத்தண்ணி. 5 வோல்ட்டுக்கு ஷாக் அடிக்காது, ஆனா கரண்டு ஓடுற செப்புல உப்புத்தண்ணி பட்டா நாலு நாள்ல பச்சை பூத்து தின்னுரும், போட் வயரிங்ல நான் தெனம் பாக்குறது. பவர்பேங்க்குள்ள உப்புத்தண்ணி போனா செத்தாலும் சாகும், தீப்பிடிச்சாலும் பிடிக்கும். அவுகளுக்கு செஞ்சு குடுக்க மாட்டேன்னுட்டேன், மூஞ்சி தொங்கிப் போச்சு.

அதுக்கு பதிலா ஒரு கணக்கு சொன்னேன். 1 லிட்டர் தண்ணி 60 டிகிரில இருந்து ஒடம்பு சூட்டுக்கு ஆறுறதுக்குள்ள விடுற சூடு 27 வாட் அவர் கிட்ட, என் பவர்பேங்க் குடுக்கிறது 30. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான், தண்ணிக்கு ஃப்யூஸும் வேணாம். ஃப்ளாஸ்க்குல வென்னி கொண்டு போயி, மருந்துக் கடைல விக்கிற ரப்பர் ஒத்தடப் பையில ஊத்தி, துண்டுல ரெண்டு சுத்து சுத்தி, நனைஞ்ச சட்டையக் கழட்டிட்டு காஞ்ச பனியனுக்கு மேல நெஞ்சோட வச்சு, மேல ரெயின்கோட்டை மாட்டச் சொன்னேன். ஃப்ளாஸ்க் டீக்குத்தான்டா இருக்குன்னு முனங்கிக்கிட்டே போனாக. போன வாரம் வீட்டுக்குப் போனா திண்ணைல ரெண்டு ஃப்ளாஸ்க் கழுவி கவுத்தியிருந்துச்சு.